போர்ட் ஆர்தரின் ஆர்கன்

கந்தக நெடிக்கு ஒரு குணம் உண்டு, மூக்கில் ஏறியதும் குமட்டும், சற்று நேரத்தில் பழகிவிடும், ஊரைவிட்டு வந்து பல வருடம் கழித்து வேறெங்கோ அடித்தால் அந்த ஊரின் வெக்கையையும் வெளிச்சத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும். ஹூஸ்டன் கப்பல் கால்வாயை ஒட்டிய சாலையில் ஒரு மாலை அப்படித்தான் எனக்குப் போர்ட் ஆர்தர் வந்தது. டெக்சஸின் தென்கிழக்கு மூலை, பக்கத்தில் லூசியானா எல்லை, முன்னால் சபீன் ஏரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் ஆலை. 1901இல் பியூமாண்டுக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீய்ச்சியடித்ததிலிருந்து அந்த வட்டாரத்துக்கு அதுவே பிழைப்பு, இரவு முழுக்க ஆலைச் சுடர் எரிவதால் வானம் ஒருநாளும் முழுக்கக் கறுக்காது, ஒரு மங்கிய ஆரஞ்சு நிறத்தில்தான் ஊர் தூங்கும்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெரியவர் ஒருவர் இருந்தார், சனிக்கிழமை காலை ஆனால் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, வாளியும் ஸ்பாஞ்சுமாகத் தன் பழைய காடிலாக்கைக் கழுவ இறங்குவார், முன் வராந்தாவில் காசெட்டில் பாபி பிளாண்டோ ஜானி டெய்லரோ பாடிக்கொண்டிருப்பார்கள், சோப்பு நுரையோடு உள்ளே வேகிற பீன்ஸின் வாசனையும் தெருவுக்கு வரும். பேரன் எழுந்து வந்து காசெட்டை மாற்றிவிடுவான், யுஜிகே என்கிற ராப் ஜோடி, அதில் வரும் வசவுகளுக்குப் பெரியவர் முகம் சுளிப்பார், ஆனால் கையிலிருந்த ஸ்பாஞ்சு பாட்டின் தாளத்துக்கே பானெட்டில் போய்வரும். ஒருநாள் அவரே கேட்டார், "இந்த ஆர்கனை இதுக்குள்ள கொண்டுவந்தது யாருடா?" பேரன், "நம்ம ஊர்ப் பையன், தாத்தா, பேண்டு வாத்தியார் வீட்டுப் பிள்ளை" என்றான், பெரியவர் "அதானே" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்க உட்கார்ந்தார்.

அந்தப் பையன்தான் சாட் பட்லர் என்கிற பிம்ப் சி, 1973இல் பிறந்தவர், பெற்ற தகப்பன் ட்ரம்பெட் வாசித்தவர், தாயின் இரண்டாவது கணவர் பள்ளியில் பேண்டு வாத்தியார். வீட்டில் ராப் ஓடுவதைக் கேட்ட வாத்தியார், இது வெறும் இரைச்சல், இதற்குள் கொஞ்சம் சங்கீதத்தைப் போடு என்கிற மாதிரி சொன்னாராம், அந்த ஒரு பேச்சைத்தான் பிம்ப் சி வாழ்நாள் முழுக்க வேலையாகச் செய்தார் என்று நான் நினைக்கிறேன். பெர்னார்ட் ஃப்ரீமேன் என்கிற பன் பி-யோடு சேர்ந்து யுஜிகே ஆனார், 1992இல் அவர்களுடைய முதல் காசெட்டைப் போட்டவர் ஹூஸ்டனில் ஃப்ளீ மார்க்கெட் ஒன்றில் பாட்டுக் கடை வைத்திருந்தவர்.

அந்த மாதிரிச் சந்தைகளில் நானும் திரிந்திருக்கிறேன், தகரக் கூரை வெயிலில் படபடக்க, சோள மாவில் பொரிகிற கெளுத்தி மீனின் புகைக்கு நடுவே, செருப்புக் கடைக்கும் செல்ஃபோன் உறைக் கடைக்கும் இடையில் காசெட்டுகள் அடுக்கியிருக்கும், கையால் பெயர் எழுதிய டிஜே ஸ்க்ரூவின் சாம்பல் நிற டேப்புகளும் கைமாறும், எல்லாப் பாட்டும் அதில் பாதி உறக்கத்தில் நடப்பதுபோல மெதுவாகப் போகும். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இருந்தவர்கள் தெற்கத்திக்காரர்களைப் பட்டிக்காடு என்று ஒதுக்கிய காலம் அது, 1995இல் நியூயார்க் விருது மேடையில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட்டுக்குக் கூச்சல்தான் கிடைத்தது. பிம்ப் சி அந்தப் பட்டிக்காட்டையே பெயராக எடுத்து, நான் போடுவது கன்ட்ரி ராப் ட்யூன்ஸ் என்றார்.

1996இல் வந்த யுஜிகேயின் 'ரைடின் டர்ட்டி' ஆல்பத்துக்கு வீடியோ கிடையாது, சிங்கிள் கிடையாது, நிறுவனம் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை, காரிலிருந்து காருக்குப் பரவியே அது ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதில் 'ஒன் டே' என்று சாவைப் பற்றிய பாட்டு, ஐஸ்லி பிரதர்ஸின் பழைய மெட்டின் மேல் எழும்பியது, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் நினைவுக்கு வரும், சக ஊழியர் ஒருவர் கூட்டிப்போன சின்ன மரக் கட்டடம், தொப்பி வைத்த கிழவிகள் சவ அடக்க நிலையத்தின் விளம்பரம் அச்சிட்ட அட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள், பிரசங்கி மூச்சுவாங்குகிற இடைவெளியிலெல்லாம் ஹாமண்ட் ஆர்கன் நுழைந்து நிரப்பியது. பிம்ப் சி போதை விற்பதைப் பாடியவர், பெண்களைப் பற்றிக் கேட்கக் கூசுகிற மாதிரி பாடியவர், அதை நான் மறைக்க மாட்டேன், ஆனால் அந்த இடைவெளி எங்கே விழும், அதை எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜே-சியின் 'பிக் பிம்பின்' அவரை உலகத்துக்குக் காட்டியது, அதன் வீடியோவுக்கு எல்லாரும் ட்ரினிடாட் போக, இவர் வர மறுத்து மயாமியில் தனியாக நடித்தார். பிறகு 2002இல் சிறை, 2005 டிசம்பர் கடைசியில் விடுதலை, 2007 ஆகஸ்டில் யுஜிகேயின் 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' ஆல்பத்துக்குப் பில்போர்ட் பட்டியலில் முதலிடம். அந்த வருடமே டிசம்பரில் மேற்கு ஹாலிவுட் ஓட்டல் அறை ஒன்றில் இறந்துகிடந்தார், 33 வயது, கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோயும் சேர்ந்து கொண்டுபோனதாகப் பரிசோதனை சொன்னது, ஸ்க்ரூவும் 2000இல் அந்த மருந்தோடுதான் போயிருந்தார். மகனின் வேலைகளைப் பார்த்துக்கொண்டு, கூட வந்த பையன்களுக்கெல்லாம் 'மாமா வெஸ்', அதாவது அம்மா வெஸ்ஸாக இருந்த தாய் வெஸ்லின் மன்ரோவுக்கு அவனை அடக்கம் செய்யவும் நேர்ந்தது.

இப்போது என் வீட்டில் பாட்டு ஃபோனுக்குள் இருந்து வருகிறது, தானே அடுத்ததுக்குப் போகிறது, எந்த ஊரில் செய்தது என்று கேட்டுச் சொல்ல முடிவதில்லை. பெரியவர் ரசித்தது ஒன்று, பேரன் ரசித்தது வேறு என்றுதான் அந்தத் தெருவில் இருந்தவரை நினைத்திருந்தேன், கால்வாய் ஓரத்தில் அந்த நெடி அடித்த மாலையில்தான் இரண்டும் ஒரே பாட்டு என்று பட்டது. 2011இல் பன் பி ரைஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனார், பிம்ப் சி இருந்திருந்தால் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியிருப்பார், அவர் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகம் அல்ல, ஆலை ஊர் ஒன்றின் பள்ளிக்கூட பேண்டு அறை, அங்கே பிள்ளைகளை அதட்டி, திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருப்பார்.