அமர்வு கலைந்தபின்

பெண்ணாடத்தின் அருகே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. அப்பேட்டையின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவிலேயே உமறுப்புலவரின் சீறாப்புராணம் அரங்கேறிற்று என்பர். பெண்ணாடத்துப் பெரியவர் ஒருவரின் நூல்களுக்குக் கணினிப் பட்டியல் அமைக்கையில் நாம் முதலிற் பதிந்ததும் அதனையே.

ஜாவா மொழியில், ஹைபர்னேட் துணையுடன் நிரல் எழுதினோம். பட்டியலை ஜேசன் எனும் எழுத்து வடிவில் கேட்டபோது, ‘அமர்வு இல்லை’ என்று பிழை கூறி நின்றது. நூல் மட்டுமே தரவுத்தளத்திலிருந்து வந்திருந்தது. ஆசிரியர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பதிலி நின்றது. தொட்டாலன்றி அது ஆசிரியரைத் தேடிச் செல்லாது. ஜேசனாக்கும் கருவி தொட்டதோ, தரவுத்தள அமர்வு முடிந்த பின்னர்!

ஆசிரியர் புலத்தையே விலக்கிவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். உமறுப்புலவர் பெயரில்லாத பட்டியல் பெரியவருக்கு எதற்கு? யாவற்றையும் முன்னரே ஏற்றினாலோ, நூல் ஆசிரியரை அழைக்க, ஆசிரியர் அந்நூலையே அழைக்க, முடிவிலாச் சுழல். அமர்வை இறுதிவரை திறந்துவைப்பதும் நமக்கு உடன்பாடன்று. ஆசிரியர் வெவ்வேறாயின் 500 நூல்களுக்கு 501 வினவல்கள் எழும். பிழை மறையும், மந்தம் சேரும்.

ஆகவே அமர்வு உள்ளபோதே ‘ஜாயின் ஃபெட்ச்’ வினவலால் நூலையும் ஆசிரியரையும் ஒருசேரப் பெற்றோம். தலைப்பு, ஆசிரியர் பெயர், புரவலர் பெயர் ஆகியவற்றை மட்டும் தனிப்பொருளொன்றிற் படியெடுத்து அதனையே ஜேசனாக்கினோம். பதிலிக்கு அங்கே வேலையில்லை, சுழலுக்கும் வழியில்லை.

அச்சிட்ட தாளைப் பெரியவர் வாங்கிப் பார்த்தார். உமறுப்புலவர் பெயரை விரலாற் தொட்டுவிட்டு, அடுத்த அலமாரியின் சாவியை நம்மிடம் நீட்டினார்.