அரிசி வேலிக்கு உள்ளே, அம்மன் வெளியே

போன ஞாயிறு ஈப்போவிலிருந்து மூன்று காடிகளில் பதினொரு பேர் கிளம்பினோம். கோலகங்சார், லெங்கோங், கிரிக் தாண்டி, தாய்லாந்து எல்லைக்குப் போகிற பாதை. அங்கே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இடிந்து கிடக்கும் மாரியம்மன் கோயில். சுற்றிலும் இப்போ செம்பனை. கோத்தோங் ரோயோங் போட்டு புல் வெட்டுவதுதான் திட்டம்.

கேட்டில் காவலர் நிறுத்தினார். "சூராட் அடா?" நிலத்துக்காரர்களிடம் வாங்கிய கடிதத்தைக் காட்டினோம். எல்லாருடைய பெயரையும் ஐசி நம்பரையும் எழுதிக்கொண்டார். எங்களோடு வந்த தாத்தா சிரிச்சிட்டார். "அப்பவும் லிஸ்ட்டு, இப்பவும் லிஸ்ட்டு!"

தாத்தாவுக்கு வயது 80. பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். புல் வெட்டி ஓய்ந்து உட்கார்ந்தபோது கதையைச் சொன்னார்.

1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவசரகாலம் வந்ததும் நமக்குத் தெரியும். 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. அதன்பிறகு பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்கு மாற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். தாத்தா வீட்டு லயமும் மாறியது. கோயிலை யார் தூக்கிப் போவது? அது வேலிக்கு வெளியே, காட்டோரமாகவே நின்றுவிட்டது.

அதுக்கப்புறம் ஆடித் திருவிழா என்றால் பெர்மிட் வாங்கணும். யார் யார் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பணும், எல்லாம் எழுத்தில். கேட்டில் சோதனை வேறு. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. அரிசி இல்லாமல் பொங்கல் எப்படி வைக்கிறது? பெண்கள் வேலிக்கு உள்ளேயே, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அடுப்பு மூட்டினார்களாம். அம்மனிடம் போனது பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் மட்டும். "எங்கம்மா அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்," என்றார் தாத்தா.

1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. எல்லைப் பக்கம் நிம்மதி வரவில்லை. 1968-ல் மறுபடி சண்டை. 1982-ல் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை திறந்தபோதும் இரவில் அதில் போக விடவில்லை. 1989 டிசம்பர் 2-ல் ஹட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அமைதி.

அதன்பிறகு கோயிலுக்குப் போக யாரும் பெர்மிட் கேட்கவில்லை. நாமும் போகவில்லை. இதை ஒத்துக்கத்தான் வேணும். தடை இருந்த காலத்தில் கெஞ்சிக் கேட்டுப் போனவர்கள் நம்ம பாட்டிமார். தடை போனபோது நாம ஈப்போவுக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போயிருந்தோம். பால்மரத்தை வெட்டினார்கள், கூரை விழுந்தது, சுவரை ஆலமரம் பிடித்துக்கொண்டது.

கோயிலுக்கு நிலப்பட்டா இல்லை, பதிவும் இல்லை. ஆனால் தாத்தாவின் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் 1957-ம் ஆண்டு பெர்மிட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். தட்டச்சு செய்த தாள், 23 பெயர்கள், நடுவில் "மாரியம்மன் கோயில்". அன்று அவரை அழ வைத்த அந்தத் தாள்தான், கோயில் அங்கே இருந்ததுக்கு இன்று நம்மிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி. அதன் நகலோடு அடுத்த மாதம் நிலத்துக்காரர்களைப் பார்க்கப் போகிறோம். என்ன சொல்வார்களோ, அம்மன் விட்ட வழி.

ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பழைய பெட்டிகளில் தோட்டத்து பாஸ், திருவிழா பெர்மிட், போட்டோ ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. படம் எடுத்து, தோட்டத்தின் பெயரும் ஆண்டும் எழுதி எங்களுக்கு அனுப்புங்க.

அன்றைக்கு நாங்க ஒரு கிலோ அரிசி கொண்டு போயிருந்தோம். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிலிருந்து கோயில் வரைக்கும் அந்தப் பையை தாத்தா மடியிலேயே வைத்திருந்தார். பொங்கல் அம்மன் முன்னாடியே பொங்கியது.