உப்புக்காற்றும் துவிச்சக்கரவண்டியின் குழாயும்

திருகோணமலை மாவட்டத்தின் வடகரையிலுள்ள புல்மோட்டை போன்ற கடலோர ஊர்களில், துவிச்சக்கரவண்டியின் உருக்குச் சட்டகம் பெரும்பாலும் உள்ளிருந்தே கெடுகிறது. இருக்கைக் குழாய் வழியே இறங்கும் நீர், மிதிகட்டை அச்சு பொருந்தும் அடிக்கூட்டில் தேங்கி, வெளிப்பூச்சு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே குழாயை அரித்துவிடுகிறது.

மாற்றுக் குழாய் தேடுவோர் முதலில் அளவில் தடுமாறுகின்றனர். பிரித்தானிய ராலே நிறுவனத்தின் வழிவந்த பழைய வண்டிகளில் மேற்குழாய் பொதுவாக ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர்; கதிரை, மேசை செய்வதற்கு விற்கப்படும் குழாயோ பலவேளை 25 மில்லிமீற்றர். அந்த 0.4 மில்லிமீற்றர் அற்பமாகத் தோன்றினாலும், குழாய்முனைகளைக் கவ்வும் ‘லக்’ என்ற இணைப்புறைக்குள் உருகிய பித்தளை தானாக ஊர்ந்து பரவுவதற்கு அதனினும் மிகக் குறுகிய இடைவெளியே வேண்டும் என்பதால், ஒட்டு பலமற்றுப் போகிறது. மின்வெல்டிங்கும் இதற்குத் தீர்வன்று. மெல்லிய குழாயில் அது எளிதில் ஓட்டை போட்டுவிடும்.

ஆகவே, பழைய இரும்புக்கடையில் கிடக்கும் அதே வகைச் சட்டகமொன்றிலிருந்து துருவேறாத குழாயை வெட்டியெடுத்து, காஸ் சுடரில் பித்தளையால் ஒட்டுவதே சிறந்த வழி. ஆயினும் முன்கவை பொருந்தும் தலைக்குழாயருகே வெடிப்புக் கண்ட சட்டகத்தைப் பழுதுபார்க்காமல் கழித்துவிடுவதே நல்லது; ஓடும்போது அது முறிந்தால் ஓட்டுநர் முகங்குப்புற விழுவார்.