பின்னச்சு

தை மாதம், வெள்ளி இரவு

சுவாமிமலைக்குப் போய்க் கும்பகோணம் திரும்பிய பதினாறு கிலோமீட்டர்ப் பிரயாணத்தில், வேகம் ஐம்பதைத் தாண்டும்போதெல்லாம் பின்னாசனத்துக்கு அடியிலிருந்து ஒரு முனகல் எழுவதும், வேகம் தணிந்தால் அது அடங்குவதுமாக இருந்தபடியால், நேரே பாயின் பட்டறைக்குப் போய் வண்டியை நிறுத்தினேன். 1986ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் இது. உத்தர்பாடாவில் அதைச் செய்த தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டபின், பிறந்தவீடு பூட்டிக்கிடக்கும் பெண்ணைப் போல, உடம்புக்கு என்ன வந்தாலும் புகுந்த வீட்டிலேயே சமாளித்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறது.

பாய் என் அருகில் அமர்ந்து ஒரு சுற்று வந்தார். "வளைவுல சத்தம் மாறுனா வீல் பேரிங், சார். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கையில மாறுனா கிரௌன் பினியன். இது ரெண்டாவது. பின்னாடி ஆயில் எப்ப மாத்துனீங்க?"

வீட்டுக்கு வந்து கணக்குநோட்டைப் புரட்டினேன். இன்ஜின் ஆயிலுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கிறது. பின்னச்சுக்கோ பதினொரு வருஷத்துக்கு முன் எழுதிய ஒரே வரி.

சனி

என் தாத்தாவின் வில்வண்டியில் அச்சு சுழலாது. இரண்டு சக்கரங்களும் கடையாணிக்குள் தத்தம் போக்கில் சுழலுமாதலால், தெருமுனையில் திரும்புகையில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் ஓடுவதில் எவ்வித விவகாரமும் எழுவதில்லை. மாடு முன்னால் இழுக்கிறது, சக்கரங்கள் பின்னால் உருள்கின்றன, அவ்வளவே. மோட்டாரிலோ இழுப்பதற்குப் பதில் சக்கரத்தையே சுழற்றித் தள்ள வேண்டியிருப்பதனால், ஒரே சக்தியை இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, அதே சமயத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் ஓடவும் இடங்கொடுக்கும் ஒரு யந்திரம் அவசியமாகிவிடுகிறது. அதுதான் பின்னச்சின் நடுவே பூசணிக்காய் போல் உப்பியிருக்கும் டிஃபரன்ஷியல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்கு பிரான்சில் காப்புரிமை பெற்றவர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளர் என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. பற்சக்கரத்தோடு பழகிய கை அல்லவா!

பின்னச்சுக்கு எண்ணெய் வாங்கப் போனபோது, கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது கியர்பெட்டிக்குரிய ஜிஎல்-4. இந்த அச்சில் பினியன், கிரௌன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தாழ்ந்து அமைந்திருப்பதால், பற்கள் ஒன்றன்மேலொன்று உருள்வதோடு நில்லாமல் பெரும் அழுத்தத்தில் வழுக்கியும் உராய்கின்றன. அந்த உராய்வில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துபோகுமாகையால், கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த ஜிஎல்-5 வகையில் 90 நம்பரைக் கேட்டு வாங்கினேன். அதையே பழைய கியர்பெட்டியில் ஊற்றினால் அங்குள்ள பித்தளை வளையங்களை அந்தக் கந்தகம் அரிக்கக்கூடும். ஆகவே மிச்சத்தை அங்கே தீர்த்துவிடலாம் என்ற சிக்கன புத்தி கூடாது. இரவு, பின்னச்சில் எண்ணெய் ஊற்றும் மேல் பிளக், வடிக்கும் கீழ்ப் பிளக் இரண்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன்.

ஞாயிறு

எண்ணெய் சூடேறி இளகுவதற்காகத் தாராசுரம் வரை ஓட்டி வந்து, நான்கு சக்கரங்களையும் தடித்த தேக்குப் பலகைகள்மேல் ஏற்றி, முன்னும் பின்னும் செங்கல் அண்டை கொடுத்தேன். வண்டி மட்டமாக நிற்காவிட்டால் எண்ணெயின் அளவு பொய் சொல்லும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் நுழைகிறவர்களைப் பற்றியோ எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"மேல் பிளக்கைத் தொறக்காம கீழ் பிளக்கைத் தொடாதீங்க" என்று பாய் சொல்லியனுப்பியிருந்தார். கீழ்ப் பிளக் முதல் திருகலிலேயே இளகிக் கொடுத்தது. மேலதோ, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி இழுத்தும் அசையவில்லை. முதலில் எண்ணெயை வடித்துவிட்டுப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற துர்ப்புத்தி ஒரு கணம் தலைகாட்டியது. அப்படிச் செய்திருந்தால், வடித்தாகிவிட்டது, ஊற்ற வழியில்லை என்று வண்டி அந்தப் பலகைகள்மேலேயே நின்றிருக்கும். கீழதை மீண்டும் இறுக்கிவிட்டு, மேலதன் தலையில் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டுத் தட்டி, ஒரு காப்பி குடித்து வந்து இழுத்தபோது, கிரீச்சென்ற சப்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது.

பேசினில் இறங்கிய எண்ணெய் மை போலக் கறுத்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாடையோடு நூலாக இழைந்து விழுந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தபோது எனக்குத் தாத்தாவின் வண்டி மை ஞாபகம் வந்தது: வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து அச்சோடு தொங்கவிட்டிருப்பார், அதில் கை வைத்த எங்களுக்கு மூன்று நாள் சீயக்காய் போட்டாலும் கறை போகாது. இந்தக் கறுப்பில் மட்டும் வெயில் படும்போது வெள்ளிப்பொடி போல ஏதோ மினுங்கியது. பேசினின் அடியில் தங்கிய வண்டலை ஒரு காகிதத்தில் வழித்து மடித்து வைத்தேன்.

புது எண்ணெயைப் பேரன் டிக்கியருகே நின்று புனலில் ஊற்ற, நான் கீழே படுத்துக் குழாயைத் துவாரத்தில் பிடித்துக்கொண்டேன். ஒன்றேகால் லிட்டர் இறங்க இருபது நிமிஷம். "போதுமா தாத்தா?" என்று அவன் நான்காம் முறை கேட்டபோது துவாரத்தின் விளிம்பில் எண்ணெய் திரண்டு சொட்டத் தொடங்கிற்று. பிளக்கை மூடி, பனியன் வேஸ்டால் துடைத்துக்கொண்டே வருகையில்தான், அச்சுக்குழாயின் மேற்புறத்திலிருந்த மூச்சுத்துளை சேற்றால் அடைந்து கிடப்பதைக் கண்டேன். சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றி, சீலைத் தாண்டி எண்ணெயை நெருக்கியிருக்க வேண்டும். இடது பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மில் ஆறு மாதமாகக் கசிவு இருந்ததற்குக் காரணம் இதுவாகவே தோன்றுகிறது. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கு மேல் எட்டிப்பார்த்து, வேலிக்காலில் கரையான் ஏறுகிறது, பழைய எண்ணெயைக் கொடுத்தால் தடவிவிடலாம் என்றார். எங்கள் கிணற்றுக்கும் அந்த வேலிக்கும் பத்தடிகூட இல்லாததனால், நயமாக மறுத்தேன்.

புதன்

மூன்று நாள் ஓட்டியாகிவிட்டது. முனகல் போகவில்லை, சற்றே தணிந்திருக்கிறது என்று என் காது சொல்கிறது, ஆனால் காசு செலவழித்தவனின் காதை எவ்வளவு தூரம் நம்பலாம்? தேய்ந்த பல்லை எண்ணெய் வளர்த்துவிடாது. இடது டிரம்மின் பின்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; துணி உலர்ந்தே வந்தது.

பழைய எண்ணெயை டப்பாவில் அடைத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய் அங்குள்ள பீப்பாயில் ஊற்றிவிட்டு, மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பாயிடம் நீட்டினேன். அவர் வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் பிரித்து, வண்டலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து, கோலமாவு பார்ப்பது போல் நெடுநேரம் நெருடினார்.

"மாவுதான் சார். குருணை இல்ல. ஓட்டுங்க."