கூட்டத்தோடு வருகிறான் என்றிருந்தோம்

ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்காக எருசலேமுக்குச் செல்வது திருக்குடும்பத்தின் வழக்கமாயிருந்தது என்று புனித லூக்கா எழுதியிருக்கிறார். நாசரேத்திலிருந்து பல நாள் நடக்க வேண்டிய வழி அது. இயேசு பாலனுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில் நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணிக்கொண்டே மரியன்னையும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அதன் பிறகே தேடத் தொடங்கினார்கள். மூன்று நாளுக்குப் பின்னரே கண்டார்கள். செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதாக இதனை எத்தனையோ ஆண்டுகள் தியானித்து வந்தோம். ஆயினும், எங்கள் வீட்டிலும் அதே நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்ததை 2020ஆம் ஆண்டு வரை நாங்கள் உணரவில்லை.

நாங்கள் தஞ்சையில் வாழும் எளிய குடும்பத்தினர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். எங்களுக்கு மகள் ஒருத்தி, மகன் ஒருவன். குழந்தைகள் ‘அப்பாயி’ என்றழைக்கும் பாட்டியும் எங்களோடு இருக்கிறார். கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் இரண்டாம் வகுப்பிலும் இருந்தார்கள். தேர்வின்றியே இருவரும் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி. அக்காள் உரக்கப் படிப்பாள். தம்பி அருகிலிருந்து கேட்பான். பிறகு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிப்பான். பள்ளியிலும் அவன் மதிப்பெண்கள் குறைவாயிருந்ததில்லை. நாங்கள் மகிழ்ந்திருந்தோம்.

ஒரு நாள் மாலை, அக்காள் இன்னும் படித்திராத பக்கம் ஒன்றைத் திருப்பி, “இதைப் படி, தம்பி” என்றோம். அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சொல்லில் விரலை வைத்தான், எடுத்தான். பிறகு அங்கே அச்சாகியிராத ஏதோ ஒரு கதையைத் தானே கட்டிச் சொல்லத் தொடங்கினான்.

எங்கள் மகனுக்குப் படிக்கத் தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படி ஏமாற்றினாய் என்று கேட்டுக் கை ஓங்கினோம். ஓங்கிய கை இறங்கியும்விட்டது. அதனை மறைத்து எழுத மனச்சான்று இடம் தரவில்லை. அடுக்களையிலிருந்து ஓடி வந்த அப்பாயி பிள்ளையை அணைத்துக்கொண்டு, “வராததைத்தானே மறைத்தான்? உங்களைக் கண்டு அஞ்சித்தானே மறைத்தான்? அவனை அடித்து என்ன பயன்?” என்றார். அன்றிரவு குடும்பச் செபத்தில் எங்களுக்கு வாய் எழவில்லை.

ஊரடங்கு தளர்ந்த பின்னர் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். கண்ணையும் காதையும் சோதித்துக் குறையில்லை என்று கண்ட அவர், கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரிடம் எங்களை அனுப்பினார். பலமுறை சோதித்த பின் அந்த அம்மையார் கூறிய பெயர் ‘டிஸ்லெக்சியா’. இது மந்த புத்தியன்று, சோம்பலும் அன்று. காதால் கேட்கும் ஒலியையும் கண்ணால் காணும் எழுத்தையும் இணைக்கும் ஆற்றல் சிலருக்கு மெதுவாகவே வளர்கிறது. நினைவாற்றல் மிகுந்த பிள்ளையானால், கேட்டதைக் கொண்டே சில ஆண்டுகள் ஒப்பேற்றிவிடவும் கூடும். இக்குறை குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வதும் உண்டு என்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இத்தகைய கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

பள்ளியின் மீது பழி போட எங்களுக்கு ஆசை வந்தது உண்மையே. ஆனால் பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவக் கல்வி பற்றி 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில் கற்பிக்கிறது. திருமணத் தயாரிப்பு வகுப்பில் நாங்களும் இதனைக் கேட்டதுண்டு. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியர் காணத் தவறியதை, இரண்டே பிள்ளைகளுள் நாங்கள் காணத் தவறியிருந்தோம்.

இவ்வாறு எங்கள் வீட்டுப் பள்ளி தொடங்கியது. காலைச் செபம் முடிந்ததும் அரைமணி நேரம் எழுத்து; அதற்கு மேல் இல்லை. தம் தந்தையார் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதை அப்பாயி நினைவுகூர்ந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, பேரனின் விரலைப் பிடித்து, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்பதே இக்குழந்தைகளுக்கு ஏற்ற முறை என்று அந்த ஆசிரியையும் கூறியபோது அப்பாயிக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி முடியாது.

அவனுக்குப் பெருந்தொல்லையாயிருந்தது கொம்பு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ ககர மெய் முன்னும் எகரம் பின்னுமாக வருகின்றன. ‘கொ’ என்றாலோ எழுத்தின் இருபுறமும் காவல் நிற்கிறது! நமக்குப் பழகிப்போன இந்தச் சிக்கல் அவனுக்குச் சுவராக நின்றது. “கொம்பு வாசலில் நிற்கும் காவல்காரன், வீட்டுக்காரனுக்குப் பிறகுதான் பேசுவான்” என்று அப்பாயி சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் ஒரு மாத உழைப்பைவிட அதிகம் பயன் தந்தது.

கணக்கு அடுக்களையில் நடந்தது. பரணிலிருந்த பழைய அளவைகளைத் துலக்கி எடுத்தோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து கொட்டியே அரை, கால், அரைக்கால் மூன்றையும் அவன் உணர்ந்துகொண்டான். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு என்பதைத் தாளில் எழுதிக் காட்டாமல் தானாகவே சொன்னான். அக்காளுக்கும் அன்றுதான் பின்னம் விளங்கியது.

கட்டுப்பாடுகள் தளர்ந்த வேளைகளில் வெளியே செல்லவும் தொடங்கினோம். அதற்கு எங்களுக்கு மூன்றே விதிகள்: ஒரு பயணத்துக்கு ஓர் இடம், கையில் கட்டுச்சோறு, எழுதுவதற்குப் பதிலாகப் படம் வரைய ஒரு குறிப்பேடு. முதலில் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நாம் அழைக்கும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகிய நான்கும் பிரியும் வகையை அவன் வரைந்த படம் இன்றும் எங்கள் சுவரில் இருக்கிறது. பெயர்களை மட்டும் அக்காள் எழுதினாள்.

2021 பிப்ரவரியில் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குச் சென்றோம். கொள்ளிடத்தைக் கடந்து திருமானூர் வழியாகச் செல்லும் பயணம் அது. வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் என்பதால் அவரைப் பற்றியே பேசிக்கொண்டு சென்றோம். 1680இல் இத்தாலி நாட்டில் பிறந்த அவர், முப்பது வயதுக்குப் பிறகே தமிழைக் கற்கத் தொடங்கினார். அக்காலச் சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவந்தான். குறிலானால் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. இக்குழப்பத்தை நீக்கி, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு முதலிய தனி வடிவங்களை வகுத்தவர் வீரமாமுனிவரே என்பர்.

மகன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் படித்த பெரியவர்களும் என்னைப் போலத் தடுமாறினார்களா, அப்பா?” என்று கேட்டான்.

“ஆமாம், தம்பி. அதனால்தான் அந்தச் சாமியார் எழுத்தை மாற்றினார், ஆட்களைக் குறை சொல்லவில்லை” என்றோம். அவன் முகத்தில் அன்று கண்ட ஒளியை நாங்கள் மறக்கவில்லை.

செபித்து முடித்து, மர நிழலில் புளிச்சோற்றைப் பகிர்ந்துண்ணும்போது, அதே முனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை மகள் சொன்னாள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து, எல்லோரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறைகிறது. ஆற்றில் ஒருவன் போய்விட்டான் என்று அழுகிறார்கள். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லையே, அப்பா!” என்றான்.

எங்களுள் தந்தையாகிய ஒருவருக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. வீடு திரும்பிய பின், மொட்டைமாடியில் மனைவியிடம், பதினைந்து ஆண்டு மணவாழ்வில் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். பங்குத்தந்தை திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைத்த ஒவ்வொரு முறையும் தொண்டை சரியில்லை, வெளியூர் வேலை என்று தட்டிக் கழித்து வந்ததன் காரணம் பணிவன்று. அவருக்கும் வரிகள் குழம்பின. சொற்கள் இடம் மாறின. பள்ளி நாளில் அதற்காகப் பட்ட அடிகளை மறைத்து, மனப்பாடத்தின் துணையாலேயே படிப்பை முடித்திருந்தார். தன் குறையைத் தன் மகனிடம் கண்டபோதுதான் அவர் கை ஓங்கியது. நாங்களும் எண்ணிக்கையில் எங்களை விட்டுவிட்டே எண்ணியிருந்தோம்.

அந்த ஆண்டு, 2020 டிசம்பர் 8 முதல் 2021 டிசம்பர் 8 வரை, திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த புனித சூசையப்பர் ஆண்டாக இருந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கும் சூசையப்பரே காப்பியத் தலைவர். ‘வளன்’ என்று அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர். இயேசு பாலன் தச்சுத் தொழில் கற்றது அவருடைய பட்டறையில்தான். பட்டறையில் தந்தை செய்துகாட்ட மகன் கற்கிறான். தந்தை தவறு செய்தால் அதனையும் மகன் காண்கிறான். இந்த எண்ணம் எங்களுக்குத் துணிவு தந்தது. மறுநாள் முதல் மணல் தாம்பாளத்தின் முன் மகனோடு தந்தையும் அமர்ந்தார். “அப்பாவுக்கும் வராதா?” என்று ஒரு முறை கேட்டான். “வராது. சேர்ந்து படிப்போமா?” என்றதற்கு அவன் தலையசைத்தான். அதன்பின் அவன் எதையும் மறைக்கவில்லை.

2021 நவம்பர் முதல் நாள் சிறு வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தன. வீட்டிலேயே தொடர்வதா என்று நாங்கள் தயங்கினோம். தோழர்களும் விளையாட்டும் அவனுக்கு வேண்டும் என்று அனுப்பினோம். ஆனால் தலைமையாசிரியரிடம் நிலைமையை ஒளிவின்றி எடுத்துரைத்த பின்னரே அனுப்பினோம். வகுப்பில் எல்லோர் முன்னும் திடீரென்று படிக்கச் சொல்ல வேண்டாம் என்பது ஒன்றே எங்கள் வேண்டுகோள். அவர்கள் அன்போடு ஏற்றார்கள். மாலை அரைமணி வீட்டுப் பள்ளியும் மாதம் ஒரு பயணமும் நிற்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைக் காணச் சென்றோம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி கடலை ஒட்டியிருந்த காலத்தில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிப்போன மரம் அது. மகன் அதன் நீளத்துக்குப் பக்கவாட்டில் நடந்து, முப்பத்தேழு அடி என்றான். தன் அடி அரை மீட்டர் என்று வீட்டிலேயே அளந்து வைத்திருந்ததால், பதினெட்டரை மீட்டர் என்று கணக்கிட்டான். மரத்தின் நீளம் 18 மீட்டர் என்று அறிந்ததும், “கடைசியில் என் அடி குட்டையாகிவிட்டது” என்று தானே திருத்திக்கொண்டான். படிக்கத் தெரியாதவன் என்று நாங்கள் அடித்த பிள்ளை இவன்தானே என்று நினைக்க எங்கள் நெஞ்சு கனத்தது.

ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்றால் 12 கோடி ஆண்டு எப்படி என்று மகள் கேட்டாள். எங்களுக்குச் சொல்லத் தெரியாததால் பங்குத்தந்தையிடமே அழைத்துச் சென்றோம். உலகைப் படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்பதை விவிலியம் கற்பிக்கிறது. கற்களின் வயதைக் கணக்கிட வந்த நூலன்று அது என்று அவர் விளக்கினார். விரிந்து செல்லும் பேரண்டம் பற்றி 1927ஆம் ஆண்டிலேயே எழுதிய ஜார்ஜ் லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்கக் குருவே என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன் ஒப்புக்கொள்வதும் ஒரு பாடமே என்பதை அன்று கற்றோம்.

2022 மார்ச் 19, சூசையப்பர் திருவிழா. முதல் வாசகம் வாசிக்கத் தந்தை பெயர் கொடுத்திருந்தார். பத்து நாள் இரவும் மகன் எதிரில் அமர்ந்து, வரியின் கீழ் அளவுகோலை நகர்த்திக் கொடுத்தான். தந்தை சொல்லைத் தாண்டிய இடங்களில், “கொம்பைப் பாருங்கள், அப்பா” என்றான். திருவிழா அன்று இரண்டு இடங்களில் தடை ஏற்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் மகனின் உதடுகள் அந்த வாசகத்தோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. இம்முறை அது கேட்டு ஒப்பித்தது அன்று. அந்தப் பக்கத்தை அவனும் படித்திருந்தான்.

இன்றும் அவன் மெதுவாகவே படிக்கிறான், பிழைகளும் வருகின்றன. அவனை முதல் மாணவனாக்கிவிட்டோம் என்று சொல்ல நாங்கள் இதனை எழுதவில்லை. இதைப் படிக்கும் பெற்றோரை ஒன்றே கேட்டுக்கொள்கிறோம். இன்று மாலை குடும்பச் செபம் முடிந்ததும், உங்கள் பிள்ளை இதுவரை கேட்டிராத ஒரு பக்கத்தைத் திறந்து, அருகில் அமர்த்தி, அன்போடு படிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் கையை ஓங்காதீர்கள், தோளில் வையுங்கள். கூட்டத்தோடு வருகிறான் என்று ஒரு நாள் வழி நடந்துவிட்டிருந்தாலும் தாழ்வில்லை. மரியன்னையும் சூசையப்பரும் திரும்பி நடந்தார்கள். நாமும் திரும்பி நடந்து தேடுவோம். தேடும் பெற்றோருக்கு அத்திருக்குடும்பம் துணை நிற்பதாக.