துளைகளின் கணக்கு

எங்கள் குடும்பத்துக்கு வயல் இல்லை, தென்னந்தோட்டம் இல்லை. வாப்பா விட்டுப்போனது இருபத்தெட்டு அடி நீளமான ஒரு பைபர் படகு மட்டுந்தான். கரையில் இதனை மூன்றரைத் தொன் போட் என்பார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கையின் கடற்றொழிலை இயந்திரமயமாக்க எடுத்த முயற்சியோடு அறிமுகமான அளவு அது. முதலில் பலகையில் கட்டினார்கள், பின்னர் பைபருக்கு மாறினார்கள். நடுவில் குனிந்து நுழையக்கூடிய சிறிய அறை. அதன் கீழே டீசல் இஞ்சின். 1996இல் வாப்பா வாங்கும்போதே அது வேறொருவர் பாவித்த படகு.

2004 டிசம்பர் 26 காலையில் வாப்பா இந்தப் படகோடு ஆழ்கடலில் நின்றார். ஆழமான இடத்தில் சுனாமி அலை எழும்புவதில்லை. அது படகின் கீழால் கடந்து போனது அவருக்குத் தெரியவே இல்லை. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. உம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். அதன் பிறகு, “போட்ட வித்துப்போட்டு கடையொண்டு போடுங்க” என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். வாப்பா விற்கவில்லை. ஏன் என்று அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. 2019இல் அவர் மௌத்தானதும் படகு தம்பியின் கைக்கு வந்தது. தம்பி கடலுக்குப் போகிறான். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். படகின் திருத்த வேலை மட்டும் வாப்பாவின் காலத்திலிருந்தே என் பங்கு.

2022ஆம் ஆண்டுக்கு முன்னர் அதை ஒரு விருப்பமாகத்தான் செய்துவந்தேன். அந்த ஆண்டு அது கட்டாயமாகிவிட்டது. இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் முந்நூற்று அறுபது வரை ஏறியது. டீசல் லீற்றர் 460 ரூபாயைத் தொட்டது. எரிபொருள் வரிசையில் கேன்களோடு நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இஞ்சினுக்கான சாமான் எல்லாம் கடல் கடந்து வருபவை. முன்னர் மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு தாங்களே ஸ்பெனரைத் தூக்கினார்கள். தூக்க முடியாதவர்களின் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் மீது பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள்.

எங்கள் பக்கத்தில் மாரி தொடங்கி வாடைக் காற்று எழுந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும். சிறிய படகுகள் கரையேறிவிடும். திருத்த வேலைக்குக் கிடைக்கும் காலம் அதுதான். ஆனால் பைபர் வேலைக்கு ஈரம் பகை. ஆகவே 2023 டிசம்பரில் பெக்கோ ஒன்றைப் பிடித்துப் படகை மேட்டுக்கு இழுத்து, தறப்பாள் கூரை போட்டு வைத்தோம். ரெசின் தொடும் வேலைகளை மாசி வெயிலுக்கு விட்டுவிட்டு, அதுவரை ஆராய்ச்சிதான்.

பழைய பைபர் உடம்பை ஆராய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை. சின்னச் சுத்தியலின் பிடி போதும். சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். பைபர்ப் படைகள் பிரிந்த இடத்தில் சத்தம் மங்கிவிடும். அடிப்பக்கத்தில் கொப்புளங்களும் இருந்தன. வெளிப்பூச்சான ஜெல்கோட்டை ஊடுருவிப் போன நீர் உள்ளே கரையக்கூடிய பொருட்களோடு சேர்ந்து அமிலநீராகத் தேங்கும். கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மணக்கும். அதன் மேல் நேரடியாகப் பூச்சுப் பூசினால் நோயை மூடி வைத்த கதைதான். கொப்புளத்தைத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். நிரப்புவதற்கு எபொக்சி நல்லது. சாதாரண பொலியெஸ்டர் ரெசின் புதிய படையோடு சேருமளவுக்குப் பழைய படையோடு ஒட்டாது. ஓட்டை போடுமளவுக்குப் பழுதான இடமென்றால், தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சுற்றிவரச் சரிவாக உரோஞ்சி எடுத்துவிட்டுத்தான் புதிய மெட் வைக்க வேண்டும். அவசரத்தில் வைத்த ஒட்டு அடுத்த வருடமே கழன்றுவிடும் என்று பைபர் பாஸ்மார் சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் வேலை. வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று பார்த்து ஒரு கருத்தும் சொல்வார்கள். என்னை உறங்கவிடாதது வேறொன்று.

அந்த வருடம் பக்கத்து ஊர்ப் படகொன்று, காற்றுமில்லாத அலையுமில்லாத இரவில், நங்கூரத்தில் நின்றபடியே மூழ்கியது. காலையில் கூரை மட்டும் தெரிந்தது. நல்ல வேளை, ஆள் யாரும் உள்ளே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது உடம்பில் கீறல்கூட இல்லை. இஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீரை எடுக்கும் இறப்பர்க் குழாயின் கிளிப் துருப்பிடித்து அறுந்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். போனது பல இலட்சம்.

எங்கள் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே நான்கு துளைகள் உண்டு. இஞ்சினுக்கு நீர் எடுப்பது ஒன்று. புறொப்பெலர்த் தண்டு வெளியே போவது ஒன்று. சுக்கான் தண்டு ஒன்று. மீன் பெட்டி கழுவும் நீருக்கு ஒன்று. படகென்பது தண்ணீரை வெளியே வைக்கும் பாத்திரம். அந்தப் பாத்திரத்தில் நாமே விரும்பிப் போட்ட ஓட்டைகள் இவை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு வால்வு முறிந்தால் மிஞ்சுவது ஒன்றரை அங்குலத் துளை. அது நீர்மட்டத்திலிருந்து இரண்டு அடி கீழே இருந்தால், விளிம்பில் ஏற்படும் தடையைக் கழித்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 150 லீற்றர் உள்ளே வரும். எங்களிடமிருந்த நீர் இறைக்கும் பம்பில் மணிக்கு 1100 கலன் என்று எழுதியிருந்தது. அது அமெரிக்கக் கலன். நிமிடத்துக்கு 70 லீற்றர்கூடத் தேறாது. அதுவும் புதிய பம், நிறைந்த பற்றரி, மேலேற்ற வேண்டிய உயரமே இல்லை என்ற நிலையில். படகுக்குள் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடத்தில் ஒரு தொன்னுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் பற்றரியைத் தொட்டதும் பம்மும் நின்றுவிடும்.

படகின் அடியில் படுத்துக்கொண்டு நான்கு துளைகளின் உலோகப் பாகங்களையும் கத்தி நுனியால் சுரண்டினேன். மூன்று மஞ்சளாக மின்னின. இஞ்சினுக்கு நீர் எடுக்கும் வால்வு மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பித்தளை, செம்பும் நாகமும் சேர்ந்த உலோகம். உப்புநீர் காலப்போக்கில் அதிலுள்ள நாகத்தை எடுத்துக்கொண்டு செம்பை மட்டும் பஞ்சுபோல் விட்டுவிடும். வடிவம் மாறாது, அளவு மாறாது, பலம் மட்டும் போய்விடும். ஸ்பெனரை வைத்து மெல்லத் திருப்பினேன். பிஸ்கட்டைப் போல் உடைந்து கையில் வந்தது. சென்ற பருவம் முழுவதும் தம்பியும் வேறு மூன்று பேரும் இதை நம்பித்தான் கடலில் படுத்து உறங்கியிருக்கிறார்கள்.

நான்கையும் வெண்கலத்தில் மாற்றவேண்டும், குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போடவேண்டும், பம் இன்னொன்று வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். தம்பியிடம் இருந்தது இரண்டு இலட்சம். மனைவியின் காப்பை ஈடு வைத்து எடுத்த காசு. அதில் மீன் பார்க்கும் கருவி வாங்குவதாக அவன் முன்பே முடிவு செய்திருந்தான்.

“காக்கா, கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு இவ்வளவு காசா? அந்த மெசின் இரிந்தா ஒரு பருவத்திலயே காசு திரும்பிரும்.”

“கண்ணுக்குத் தெரியிற இடத்தால தண்ணி வாறல்லடா.”

“வாப்பாட காலத்திலயும் இதே வால்வுதானே இரிந்த?”

“வாப்பாட காலத்தில அது மஞ்சளா இரிந்த.”

அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் மாதச் சம்பளக்காரன். மீன் இல்லாமல் திரும்பும் படகின் டீசல் கடனை நான் கட்டப்போவதில்லை. திருத்த வேலைக்கு வருமானம் கிடையாது. நன்றாகத் திருத்தினால் ஒன்றும் நடக்காது என்பதுதான் அதன் பலன். ஒன்றும் நடக்காததற்கு யார் காசு கொடுப்பார்கள்?

சார்ஜாவில் படகுப் பட்டறையொன்றில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்த மச்சான் ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். அங்கே பணக்காரர்களின் பழைய உல்லாசப் படகுகளைத் திருத்தியவர். சோபாவும் குளிரூட்டியும் போட்ட வெள்ளை மாளிகைகள். “மேலதான் வித்தியாசம் மச்சான். தரையத் தூக்கிப் பாத்தா அங்கயும் இதே றப்பர்க் குழாய்தான், இதே கிளிப்தான்” என்பார். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் திரையையும் விளக்கையும் மாற்றுவார்களாம். கடலைத் தெரிந்த கிழவர்கள் முதலில் தரைப்பலகையைத் தூக்கி டோர்ச் அடிப்பார்களாம். அன்று மாலை அவர் வந்து, உடைந்த வால்வைத் தம்பியின் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். உள்ளே இருந்து தம்பியின் மனைவிதான் சொன்னார்: “மெசின அடுத்த வருசமும் வாங்கலாம்.” அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது.

பிறகு இரண்டு மாதம் பாடசாலை விட்டதும் நேரே கடற்கரைக்குப் போனேன். நான்கு துளைகளிலும் வேலை செய்தோம். வால்வு உள்ள இரண்டுக்கும் வெண்கலம் வைத்து, ஒவ்வொரு குழாய் முனைக்கும் துருப்பிடிக்காத கிளிப் இரண்டிரண்டு போட்டோம். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் மெதுவான மரத்தில் கூம்பாகச் செதுக்கிய ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எல்லாம் கைவிட்டால் அடித்து இறுக்க அது போதும். தண்டு வெளியே போகும் கிளாண்டில் பழைய பெக்கிங்கை முழுவதும் தோண்டி எடுத்தோம். அதை ஒரேயடியாக இறுக்கக் கூடாது. தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் விழவேண்டும். அந்தத் துளிதான் அதற்குக் குளிர்ச்சி. முற்றாக நிறுத்த முனைந்தால் தண்டு தேய்ந்துவிடும்.

புறொப்பெலருக்குப் பக்கத்தில் புதிய நாகக் கட்டி பூட்டினோம். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொடர்போடு நின்றால் அங்கே ஒரு பற்றரி உண்டாகிவிடும். நாகம் தன்னை அரிக்கக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றவேண்டும். அதன் மேல் பெயின்ற் படக்கூடாது. நீர் பம்மின் உள்ளே சுழலும் இறப்பர் இதழ்களையும் மாற்றினோம். தண்ணீர் இல்லாமல் ஓரிரு நிமிடம் ஓடினாலே அவை கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகளைத் தேடி எடுக்காவிட்டால், உள்ளே போய் அடைத்து இஞ்சினைச் சூடாக்கும்.

மின்சாரத்தில், உப்புக் காற்றில் கறுத்துப்போன வயர்களைக் களைந்து, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போட்டோம். பற்றரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் பியூஸ் வைத்தோம். 25 வாட் குமிழ்களுக்குப் பதிலாக எல்.ஈ.டி. வந்தது. பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். மிஞ்சுவது பம்முக்கு. மலிவான எல்.ஈ.டி. சில, எரியும்போது வானொலிக் கருவியை இரையவைக்கும். ஆகவே ஒவ்வொன்றாக எரித்து, காதை வைத்துக் கேட்டுத்தான் பூட்டினோம்.

அந்தப் பருவம் சுமாராகத்தான் போனது. ஆனாலும் காப்பு மீண்டது. அடுத்த பருவத்தில் மீன் பார்க்கும் கருவியும் வந்தது. அதன் உணரியைப் பொருத்த அடியில் துளை போட வேண்டுமென்று கடையில் சொல்லியிருந்தார்கள். நடுவில் மரமோ நுரையோ இல்லாத முழு பைபர் உடம்பில், காற்றுக் குமிழி இல்லாமல் எபொக்சியில் உள்ளேயே ஒட்டிவிட்டால் ஒலி பைபரை ஊடுருவிப் போகும். வலு கொஞ்சம் குறையும், ஆனால் எங்கள் ஆழத்துக்குப் போதும். இதைத் தம்பிதான் முதலில் கேட்டான்: “காக்கா, அஞ்சாவது ஓட்ட போடாமச் செய்ய ஏலாதா?” நான் பதில் சொல்லாமல் எபொக்சி டின்னைத் திறந்தேன்.

நமது எழுத்தில் கடல் நிறைய வந்திருக்கிறது. புயலாக, தாயாக, எதிரியாக வந்திருக்கிறது. நானும் அப்படி எழுதியவன்தான். சுனாமியை நேரில் கண்ட ஊருக்கு அப்படி எழுதும் உரிமையும் உண்டு. ஆனால் பெரிய அலைக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிளிப்புக்குச் செய்ய முடியும். இந்த வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கிறது. உம்மாவுக்காக என்னால் எதையும் இறுக்க முடியவில்லை. தம்பிக்காக எட்டுக் கிளிப்புகளை இறுக்க முடிகிறது.

படகில் இப்போது ஒரு பயிற்சிக் கொப்பி இருக்கிறது. வால்வு திறந்து மூடிய திகதி, நாகக் கட்டி மாற்றிய திகதி, கிளாண்டின் துளிகள் எல்லாம் அதில் பதிவாகின்றன. முதற்பக்கங்கள் என் கையெழுத்து. சென்ற பங்குனியிலிருந்து தம்பியின் கையெழுத்து. எழுத்துப் பிழைகள் நிறைய உண்டு. ஒரு திகதியும் தவறவில்லை.