கெசிக்கிலிருந்து: திறந்து கிடக்கும் வழிகள்

அன்புள்ள நண்பா,

ஓடுவதற்கென்றே ஓர் இடத்துக்குப் போவதானால் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஊரையே சொல்கிறேன்: கெசிக். இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் சிறிய ஊர். தெற்கே டெர்வென்ட்வாட்டர் ஏரி, வடக்கே 931 மீட்டர் உயர ஸ்கிடா மலை. கடைத்தெருவிலிருந்து எந்தப் பக்கம் ஓடினாலும் சற்று நேரத்தில் தார்ச்சாலை முடிந்து, மண்ணும் கல்லும் காலுக்கு வந்துவிடுகின்றன.

முதலில் நீ ஓட வேண்டியது ஏரியைச் சுற்றி. ஏறக்குறைய 16 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. போர்ட்டின்ஸ்கேல் என்ற கிராமம் வழியாக மேற்குக் கரைக்குப் போய், தெற்கே இறங்கி, கிழக்குக் கரையில் திரும்பி வரலாம். இந்தத் திசையை நான் பரிந்துரைக்கக் காரணம், காலையில் ஓக் மரங்களுக்கு இடையே ஏரி மேல் விழும் வெயில் முகத்துக்கு நேரே கிடைக்கும் என்பதுதான். ஏரியின் தென்கோடி சதுப்பு நிலம். அங்கே நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதுவரை சத்தமில்லாமல் போன கால், பலகையில் பட்டதும் தடதடக்கும். இரண்டு பக்கமும் நாணல். நிமிர்ந்தால் பாரோடேல் பள்ளத்தாக்கின் வாசல். பாரோடேலில் எஞ்சியிருக்கும் ஓக் காடுகளை மிதவெப்ப மழைக்காடு என்கிறார்கள். பள்ளத்தாக்கின் உட்கோடியில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. அந்த ஈரத்தில் கிளைகள்கூடப் பாசியும் பெரணியும் போர்த்திக்கொண்டு நிற்கின்றன.

அழகைப் பற்றி இவ்வளவு போதும். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. இந்தப் பாதைகள் தானாகத் திறந்து கிடக்கவில்லை.

நாம் ஓடும் நிலத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய பண்ணை. இருந்தாலும் அதன் குறுக்கே பொதுவழி என்று பதிவான ஒற்றையடிப் பாதை இருந்தால், எவரும் கால்நடையாகப் போகலாம். நிலத்துக்காரர் மறிக்க முடியாது. வேலிக் கம்பத்தில் அடித்திருக்கும் மஞ்சள் அம்புக்குறிதான் அதற்கு அடையாளம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து இப்படிப்பட்ட வழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். நம் ஊரிலோ கொடைக்கானல் ஏரிச் சாலையைத் தாண்டிக் காட்டுக்குள் ஓட நினைத்தால் அனுமதிக்கு அலைய வேண்டும். யானையும் காட்டுமாடும் நடமாடும் மலைகளில் அதற்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கேட்டைத் திறந்து ஒருவரிடமும் கேட்காமல் ஓடும்போது மனசுக்குள் ஏற்படும் விடுதலையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அந்த விடுதலை கெசிக்கில் சண்டை போட்டு வாங்கியது. ஊருக்கு நேர் மேலே லாட்ரிக் என்று ஒரு குன்று, 368 மீட்டர். போய்வர எட்டு கிலோமீட்டர் போல இருக்கும். காலை உணவுக்கு முன் முடித்துவிடலாம். 1880களில் நில உரிமையாளர்கள் இதற்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். ஏரியின் மேற்குக் கரையில் நீ சுற்றில் கடந்துபோகப் போகும் ஃபா பார்க் தோட்டத்து வழிக்கும் அதே கதிதான். ஊர்க்காரர்கள் பாதைப் பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் உள்ளூர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி. 1887 அக்டோபர் முதல் தேதி சுமார் இரண்டாயிரம் பேர் திரண்டு, தடைகளை அகற்றிக்கொண்டு லாட்ரிக் உச்சிக்கு ஏறினார்கள். வழக்கு கார்லைல் நீதிமன்றம் வரை போய், மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஸ்பூனி கிரீன் லேன் என்ற வழி மக்களுக்குத் திறந்தது. இன்றைக்கு நாம் மேலே ஏறுவது அதே வழியில்தான். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். உச்சியில் மரம் எதுவும் மறைக்காமல் ஏரி, ஊர், எதிரே அடுக்கடுக்காக மலைகள் எல்லாம் ஒரே பார்வையில் விழும்.

ரான்ஸ்லி அதோடு நிற்கவில்லை. 1895இல் ஒக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் இருவருடன் சேர்ந்து, நிலங்களை மக்களுக்காக வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். மேற்குக் கரையில் பிராண்டல்ஹவ் காடு வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் வந்தபோது, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1902இல் வாங்கினார்கள். ஏரி மாவட்டத்தில் அந்த அமைப்பு வாங்கிய முதல் நிலம் அது. பணம் அனுப்பியவர்களில் ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளி ஒருவரும் உண்டு. இந்த ஏரிகளைப் பார்க்க வாழ்நாளெல்லாம் ஏங்கியதாகவும், இனிப் பார்க்கப் போவதில்லை என்றாலும் பிறருக்காக இவை நிலைக்கட்டும் என்றும் அவர் எழுதினாராம். பிராண்டல்ஹவ் கரையோரம் வேர்கள் குறுக்கிடும் பாதையில் ஓடும்போது அவர் நினைவு வராமல் இருப்பதில்லை எனக்கு. அந்தக் காட்டை வாங்கியதன் நூற்றாண்டு நினைவாக அங்கே மரத்தில் செதுக்கிய பெரிய கைகள் இரண்டை வைத்திருக்கிறார்கள். ஏந்திய கைகள், குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொள்கிறார்கள்.

வழி திறந்திருப்பதால் ஓடுகிறவனுக்கும் கடமை உண்டு. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூட வேண்டும். ஆட்கள் போகும் சிறிய கேட்டுகளில் வளைவான அடைப்புக்குள் ஒரு கதவு ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்து ஓரமாக ஒதுங்கி, கதவை எதிர்ப்புறம் தள்ளிவிட்டு வெளியேற வேண்டும். மனிதன் புகுந்துவிடுவான், ஆடு சிக்கிக்கொள்ளாமல் திரும்பிவிடும். ஓட்டத்தின் தாளம் அங்கே அறுந்துதான் போகும். அறுந்தால் என்ன, அந்த நேரத்தில் ஆட்டைப் பார்.

ஹெர்ட்விக் ஆடுகளைச் சொல்கிறேன். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்றிருக்கும். வளர வளர முகம் வெளுத்து, உடம்பு சாம்பல் நிறமாகும். மலைமேல் வேலி கிடையாது. எந்தச் சரிவு தன் மந்தைக்குரியது என்பதைத் தாயோடு மேய்ந்தே குட்டி தெரிந்துகொள்கிறது; அந்த எல்லையைத் தாண்டி அதிகம் போவதில்லை. மந்தையை விரட்டிக் கலைத்தால் தலைமுறைகளாகப் படிந்த அந்தப் பழக்கம் கெடும். அதனால் ஆடுகள் நிற்கும் இடத்தில் ஓட்டத்தை நடையாக்கிவிடு. பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த இனத்தை வளர்த்தவர். 1943இல் இறந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார்.

உனக்குக் கால் பலம் கூடினால் மலைமேல் போகலாம். கெசிக்கில் விடுதி நடத்திய பாப் கிரஹாம் என்பவர் 1932 ஜூனில் 42 சிகரங்களை ஒரே நாளுக்குள் ஓடி முடித்து ஊர் மன்றக் கட்டிடத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் தெற்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளிகள் தடையை மீறி ஏறி, சிலர் சிறைக்கும் போனார்கள். மலையும் தரிசு மேடும் பொதுமக்கள் கால்வைக்கும் நிலம் என்று சட்டம் வர 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. கிரஹாமின் சுற்றை இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பலர் முயல்கிறார்கள். உச்சிதோறும் உடன்வரும் சாட்சி வேண்டும் என்பது அதற்கான மன்றத்தின் விதி. ஆகவே தனி ஆளின் சாதனைக்கு ஒரு கூட்டமே தூங்காமல் மலையேறுகிறது.

வருவதானால் மே கடைசியில் வா. அப்போது இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பெரணி இன்னும் பாதையை மூடியிருக்காது. நல்ல பிடிப்புள்ள அடிப்பகுதி கொண்ட ஷூவும் மழைச்சட்டையும் கட்டாயம். பாதைகளைப் பச்சைக் கோடுகளாகக் காட்டும் ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மலைமேல் போனை நம்பாதே. ஏரிச் சுற்றில் பாதியில் களைத்தால் கவலை வேண்டாம். கரையோரப் படகுத்துறைகளில் பயணிகள் படகு நின்று போகும், கிழக்குக் கரைச் சாலையில் 78ஆம் எண் பேருந்தும் உண்டு. தேதி முடிவானதும் எழுது, அறைக்கு இங்கே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ஓட்டத் தோழன்